உங்களுக்குத் தெரியுமா? பல்லைக் கடிப்பது கடைசி வழி

● மார்ஷ்மெல்லோ மிட்டாய்ச் சோதனையைக் கேள்விப்படாதவர் குறைவு. "இப்போதே தின்றால் ஒன்று, நான் வரும்வரை பொறுத்தால் இரண்டு" என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிவிட்டு ஆராய்ச்சியாளர் வெளியே போய்விடுவார். உளவியலாளர் வால்டர் மிஷெல் இதை 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் மழலையர் பள்ளியில் நடத்தினார் என்பதை எல்லோரும் எழுதுவார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பே அவர் டிரினிடாட் தீவில் வெள்ளோட்டம் பார்த்துவிட்டார் என்பது பெரும்பாலும் விட்டுப்போகும். அங்கே ஆப்பிரிக்க வம்சாவளி, இந்திய வம்சாவளிப் பள்ளிப் பிள்ளைகளிடம் அவர் கேட்டது: சின்ன மிட்டாய் இன்றைக்கா, பெரிய மிட்டாய் அடுத்த வாரமா? அப்பா வீட்டோடு இருந்த பிள்ளைகளில் காத்திருக்கச் சம்மதித்தவர்கள் கூடுதல். அப்பா இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பலரும் "இன்றைக்கே கொடு" என்றார்கள்.

● பிங் பள்ளியின் அந்தச் சிறு அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மணி. பொறுக்க முடியாவிட்டால் மணியை அடிக்கலாம். ஆள் வந்துவிடுவார், கிடைப்பது மட்டும் சின்னப் பங்கு. அதிகபட்சக் காத்திருப்பு 15 நிமிடம். பண்டம் கண்முன்னால் இருந்தால் பிள்ளைகள் சராசரியாக ஒரு நிமிடம்தான் தாக்குப்பிடித்தார்கள். அதையே கண்ணில் படாமல் வைத்தபோது 11 நிமிடத்துக்கு மேல் போனது. 1970இல் மிஷெலும் சக ஆய்வாளர் எபெசனும் வெளியிட்ட கணக்கு இது.

பண்டம் எதிரே இருந்தும் ஜெயித்த பொடிசுகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். பாட்டுப் பாடினார்கள், தமக்குத் தாமே பேசிக்கொண்டார்கள், கையையும் காலையும் வைத்துப் புதுசாக ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். ஒரு சிறுமி தூங்கியே போய்விட்டாள்! தட்டை உற்றுப் பார்த்தபடி வைராக்கியமாக உட்கார்ந்த பிள்ளைகள்தான் சீக்கிரம் மணியடித்தார்கள். "இதைப் பஞ்சு மேகம் என்று நினைத்துக்கொள்" என்று முன்கூட்டிச் சொல்லிக்கொடுத்தபோதும் காத்திருப்பு நீண்டது. நாலு வயதில் இத்தனை தந்திரம்!

● தந்திரம் மட்டும் போதாது, நம்பிக்கையும் வேண்டும். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் 28 பிள்ளைகளை இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். "இந்தத் தேய்ந்த கிரேயான் வேண்டாம், கொஞ்சம் பொறு, நல்லதாகக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிப் போனவர், ஒரு பாதியினருக்குச் சொன்னபடியே கொண்டுவந்தார். மறுபாதியிடம் "மன்னித்துக்கொள், இல்லையாம்" என்று கையை விரித்தார். ஸ்டிக்கரிலும் அதே கதை. அதற்குப் பிறகுதான் மார்ஷ்மெல்லோ. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் மூன்றே நிமிடம். 15 நிமிடமும் முழுசாகக் காத்திருந்தவர்கள் முதல் குழுவில் 14க்கு 9 பேர், இரண்டாவதில் ஒரே ஒரு பிள்ளை. அந்த 13 பேருக்கும் மன உறுதி போதாது என்று எழுதினால் அது அநியாயம். உள்ளதையும் இழக்கக் கூடாது என்று கணக்குப் போட்ட பிள்ளைகள் அவர்கள்.

● "நாலு வயதில் காத்திருந்த பிள்ளை பின்னாளில் முன்னுக்கு வரும்" என்ற பிரபலமான முடிவு, ஸ்டான்ஃபோர்டு வளாகத்தைச் சேர்ந்த கொஞ்சம் பிள்ளைகளை வைத்துச் சொன்னது. 2018இல் டைலர் வாட்ஸ் குழு, 900க்கும் மேற்பட்ட, பல தரப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்தது. அந்தத் தொடர்பு பாதியானது. குடும்பப் பின்னணியையும் தொடக்கத் திறமையையும் கணக்கில் சேர்த்ததும் அதிலும் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

● கேமரூன் நாட்டின் ன்சோ இனப் பிள்ளைகளுக்கு மார்ஷ்மெல்லோவுக்குப் பதிலாக உள்ளூர்ப் பலகாரமான பஃப்-பஃப் வைத்தார்கள். சுமார் 70 விழுக்காட்டினர் கடைசிவரை காத்திருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்த ஜெர்மன் பிள்ளைகளில் 30 விழுக்காடுகூடத் தேறவில்லை.

ஜப்பானில் இன்னும் சுவையான விஷயம். சாப்பாடு என்றால் ஜப்பானியப் பிள்ளைகள் நெடுநேரம் பொறுத்தார்கள், அமெரிக்கப் பிள்ளைகள் பொறுக்கவில்லை. காகிதம் சுற்றிய பரிசுப் பெட்டியை வைத்ததும் நிலைமை தலைகீழ். எல்லோரும் உட்கார்ந்த பிறகே உண்பது ஜப்பானில் வழக்கம். எல்லோர் முன்னும் ஒன்றாகப் பரிசு பிரிப்பது அமெரிக்காவில் வழக்கம். வழக்கம் எதுவோ அதில் பொறுமை தானாக வருகிறது. 2022இல் வெளியான ஆய்வு இது.

● கணவாயும் காத்திருக்கும்! பிடித்தமான உயிருள்ள இறால் பிறகு கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட கணவாய்கள், முன்னால் இருந்த சுமாரான இரையைத் தொடாமல் 130 விநாடி வரை பொறுத்ததாக 2021இல் அறிவியலாளர்கள் எழுதினார்கள். சில கணவாய்கள் கைக்கெட்டிய இரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டன. பிங் பள்ளிப் பிள்ளைகள் கண்ணைப் பொத்தியதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

● புலனடக்கத்துக்கு ஆமையைக் காட்டுவது வள்ளுவர் மட்டுமா? பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலும் அதே ஆமை. பௌத்தரின் சம்யுத்த நிகாயத்தில் நரியைக் கண்டு ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொண்ட ஆமை. சமணரின் ஞாதாதர்மகதையில் இரண்டு ஆமைகள்: ஒன்று பொறுமையாக ஓட்டுக்குள்ளேயே கிடந்து பிழைக்கிறது, மற்றது அவசரப்பட்டுக் காலை நீட்டி நரிக்கு இரையாகிறது. நாலு மரபும் ஒரே பிராணியைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆமை நரியோடு மல்லுக்கு நிற்பதில்லை. நரிக்குக் கடிக்க எதுவும் மிச்சம் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

● உடலைத் தேராகவும் புலன்களைக் குதிரைகளாகவும் சொன்னது கடோபநிஷத்து. கிரேக்கத்தில் பிளேட்டோவின் தேருக்கு இரண்டே குதிரை. ஒன்று அடங்கும், ஒன்று முரண்டு பிடிக்கும். 1923இல் ஃபிராய்டு தேரைக் கழற்றிவிட்டுக் குதிரையையும் சவாரிக்காரனையும் மட்டும் வைத்துக்கொண்டார். சவாரிக்காரன் பல சமயம் குதிரை போகிற இடத்துக்கே போகவேண்டியிருக்கும் என்பது அவர் சேர்த்த குசும்பு. நம் தாயுமானவரோ மதயானை, கரடி, சிங்கம், பாம்பு என்று வரிசையாக அடக்கிக் காட்டிவிட்டு, மனம் என்று வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிடுகிறார்.

● "மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே" என்று வைத்தியர் சொன்ன கதை நமக்குத் தெரியும். அமெரிக்காவில் அதே குரங்கு வெள்ளைக் கரடி. 1987இல் டேனியல் வெக்னர், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருங்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு "இப்போது தாராளமாக நினையுங்கள்" என்றபோது, முதலிலேயே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகம் வந்தது. வெக்னருக்கு இந்த யோசனை தாஸ்தாயெவ்ஸ்கியின் பயணக் குறிப்பிலிருந்து கிடைத்தது. தமிழ் தெரிந்திருந்தால் ஏதாவது ஒரு பாட்டியிடமிருந்தே கிடைத்திருக்கும்.

● 1998இல் ராய் பாமைஸ்டர் சுடச்சுட சாக்லேட் பிஸ்கட் மணக்கும் அறையில் சிலரை உட்காரவைத்து, "நீங்கள் முள்ளங்கி மட்டும் தின்னுங்கள்" என்றார். அதன்பின் தீர்க்கவே முடியாத புதிரைக் கொடுத்தபோது முள்ளங்கிக்காரர்கள் 8 நிமிடத்தில் கைவிட்டார்கள்; பிஸ்கட் தின்றவர்கள் 19 நிமிடம் மல்லுக்கட்டினார்கள். மன உறுதி செலவழித்தால் தீர்ந்துபோகும் சரக்கு என்ற கொள்கை இப்படிப் பிறந்து, மேலாண்மைப் புத்தகங்கள் வரை பரவியது. 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, 2,000க்கு மேற்பட்டோரிடம் அந்தக் கொள்கையைச் சோதித்தன. விளைவு ஏறக்குறைய பூஜ்யம்.

இதில் நமக்கு ஒரு பங்கு உண்டு. கிருஷ்ணா சவானியும் வெரோனிகா ஜோபும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான வேலை ஒன்றை முடித்த இந்தியர்கள் அடுத்த வேலையைத் தளராமல் செய்ததோடு, இன்னும் நன்றாகவே செய்தார்கள். மனதைக் கட்டுப்படுத்தினால் வலு கூடும் என்ற எண்ணம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. தவம் செய்தால் சக்தி பெருகும் என்று கேட்டு வளர்ந்த ஊரில், பாட்டரி தீர்ந்துபோகிற கதை எடுபடுமா?

● பைபிளின் எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் நசரேய விரதம் வருகிறது. விரதம் எடுத்தவர் மது தொடக்கூடாது, சரி. திராட்சைப் பழமும் கூடாது, உலர்ந்த திராட்சையும் கூடாது. தோலும் விதையும்கூட ஆகாது. பின்னால் வந்த யூத ரபிகள் இன்னும் ஒருபடி மேலே போய், அவரைத் திராட்சைத் தோட்டத்துப் பக்கமே விடாதே, சுற்றிப் போகச் சொல் என்றார்கள். அதீதம் என்று தோன்றுகிறதா?

ஜெர்மனியின் வுர்ஸ்பர்க் பகுதியில் வில்ஹெல்ம் ஹோஃப்மன் குழு 205 பேரிடம் ஒரு வாரம் கருவி கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் "இப்போது எதற்கு ஆசைப்படுகிறீர்கள், அதை எதிர்த்தீர்களா" என்று கேட்டது. 7,827 ஆசைகள் பதிவாயின. தன்னடக்கம் மிகுந்தவர்கள்தான் அதிகம் போராடியிருப்பார்கள் என்று எதிர்பார்த்தால், அவர்களுக்குப் போராட்டமே குறைவாக இருந்தது. அவர்கள் ஏற்கெனவே சுற்றிப் போகிறவர்கள்.

● பகல் நடுவில் சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது. துறவி அறையை விட்டு வெளியே வந்து, சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு என்று அண்ணாந்து பார்க்கிறார். யாராவது பேச்சுத்துணைக்கு வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கிறார். இந்த இடமே சரியில்லை, வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று தோன்றுகிறது. ஆபீஸில் மதியம் மூன்று மணிக்குக் கைபேசியைத் தடவுகிறவருக்கு இது பழகின நிலைமை. எழுதியவர் எவாக்ரியஸ், இடம் எகிப்துப் பாலைவனம், காலம் 4ஆம் நூற்றாண்டின் கடைசி. அவர் இதற்கு வைத்த பெயர் நண்பகல் பேய். நம்மூர் உச்சிவேளைப் பேய் பயமுறுத்தும். இது கொட்டாவி விடவைக்கும்.

எவாக்ரியஸ் மனிதனைக் கெடுக்கும் நினைப்புகளை எட்டாக எண்ணினார். பிற்பாடு கிரகோரி போப்பாண்டவர் கையில் அவை ஏழாகி, இன்றைக்கும் ஏழு பெரும் பாவங்களாக நிற்கின்றன. எவாக்ரியஸ் இன்னொரு நூலும் எழுதினார். இன்ன நினைப்பு வந்தால் இன்ன வேத வசனத்தைச் சொல் என்று ஏறக்குறைய 500 பதில்களைத் தயாராகத் தொகுத்து வைத்த கையேடு அது. வயிறு பசித்து, "இந்த நோன்பால் உடம்பு கெட்டுவிடும்" என்ற எண்ணம் வந்தால் ஒரு வசனம். ஊர் ஞாபகம் வந்தால் வேறொன்று.

1990களில் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சொன்ன உத்தியும் இதுவே: "இப்படி வந்தால் அப்படிச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வை. "இனிமேல் கோபப்படமாட்டேன்" என்ற பொதுவான தீர்மானத்தைவிட இது பலிக்கிறது. 2006இல் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் பலன் கணிசமாகவே இருந்தது. பேயின் பெயர் தெரியாவிட்டாலும் பதில் மனப்பாடமாக இருக்கவேண்டும்.

● நின்றுகொண்டிருக்கும்போது கோபம் வந்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளுங்கள் என்று நபிமொழி ஒன்று உண்டு. 2009இல் எடி ஹார்மன்-ஜோன்ஸ் குழு சிலரைத் திட்டு வாங்கவைத்து மூளை அலைகளைப் பதிவு செய்தது. நிமிர்ந்து உட்கார்ந்தவர்களிடம், கோபத்தில் எதிராளியை நோக்கிப் பாயத் தூண்டும் இடப்பக்க முன்மூளைச் செயல்பாடு ஏறியது. மல்லாந்து படுத்தவர்களிடம் ஏறவில்லை. வேடிக்கை என்னவென்றால், கோபம் இரு சாராருக்கும் ஒரே அளவுதான். படுத்தவருக்குப் பாயத்தான் மனமில்லை.

● "ஆத்திரத்தை உள்ளே வைக்காதே, தலையணையைக் குத்தித் தீர்த்துவிடு" என்பார்கள். 2002இல் பிராட் புஷ்மன் 600 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். தன்னைக் கோபப்படுத்தியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் ஏறியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள்.

● சமணரில் பலர் காலையில் எடுக்கும் நவகார்சி என்ற சிறு விரதம் உண்டு. சூரியன் உதித்து 48 நிமிடம் வரை எதுவும் உண்பதில்லை, குடிப்பதில்லை. அவ்வளவுதான் விரதம். சாமாயிகம் என்ற தியானத்துக்கும் அதே 48 நிமிடம், அதாவது ஒரு முகூர்த்தம். உண்ணாநோன்பில் உயிர்விடும் சல்லேகனை வரை போன ஒரு மரபு, முதல் படியை இவ்வளவு தாழ்வாக வைத்திருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

● அடக்கத்துக்கும் வரம்பு கட்டியிருக்கிறார்கள். ரமலானில் சூரியன் மறைந்ததும் நோன்பு திறப்பதைத் தாமதிக்கக்கூடாது. இன்னும் இரண்டு மணி நேரம் பொறுத்துக் காட்டுவது அங்கே பெருமையாகாது. இரவும் பகலும் சேர்த்துத் தொடர் நோன்பு இருப்பதை நபி மற்றவர்களுக்குத் தடுத்தார். பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் வாய்க்குப் போய்விடவேண்டும்.

● காந்தி 1912இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் பாலை விட்டார். 1918இல் வயிற்றுக்கடுப்பு வந்து எலும்பும் தோலுமாகப் படுத்தபோது, கஸ்தூர்பா ஒரு வழி கண்டுபிடித்தார்: நீங்கள் சத்தியம் செய்தபோது பசுவும் எருமையும்தானே மனதில் இருந்தன, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை? காந்தி குடித்தார், பிழைத்தார். விரதத்தின் சொல்லைக் காப்பாற்றி உயிரைக் கொன்றுவிட்டேன் என்ற உறுத்தல் சத்திய சோதனையில் பதிவாகியிருக்கிறது. படிக்கும்போது எனக்கு கஸ்தூர்பா பக்கம்தான் சாய்வு.

● தகாத நினைப்பு வந்தால் என்ன செய்வது? பௌத்தரின் மஜ்ஜிம நிகாயத்தில் 20ஆம் சூத்திரம் ஐந்து வழி சொல்கிறது. முதலில், தச்சன் ஓர் ஆப்பை இன்னோர் ஆப்பால் வெளியே தள்ளுவதுபோல நல்ல நினைப்பால் அதைத் தள்ளு. முடியவில்லையா, அதன் கேட்டை எண்ணிப் பார். அதுவும் ஆகாவிட்டால் கண்டுகொள்ளாதே. பிறகு, அது எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடு. நாலும் தோற்றால் மட்டுமே பல்லைக் கடித்து, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, மனதால் மனதை அமுக்கு.

2016இல் ஏஞ்சலா டக்வொர்த், டமார் கெண்ட்லர், ஜேம்ஸ் கிராஸ் மூவரும் தன்னடக்க உத்திகளை வரிசைப்படுத்தினார்கள். சிக்கலான இடத்துக்குப் போகாதே, போனால் இடத்தை மாற்றியமை, கவனத்தைத் திருப்பு, வேறு விதமாக எண்ணிப் பார், எல்லாம் தவறினால் ஆசையை நேரடியாக அடக்கு. பல்லைக் கடிப்பதற்கு இங்கேயும் கடைசி இடம்தான். நாமோ "மனசு வெச்சா முடியாதா?" என்று எடுத்த எடுப்பிலேயே பல்லைக் கடிக்கச் சொல்கிறோம்.

● பார்கின்சன் நோய்க்கான சில மருந்துகள், வாழ்நாளில் சீட்டைத் தொடாதவரையும் சூதாட வைத்துவிடும். 3,090 நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், டோபமைனைப் போலச் செயல்படும் மருந்து எடுத்தவர்களில் 17 விழுக்காட்டினருக்குச் சூது, கண்டபடி வாங்குதல், பெருந்தீனி, காமவெறி என ஏதாவது ஒரு கட்டுக்கடங்காத பழக்கம் இருந்தது. அந்த மருந்து எடுக்காதவர்களிடம் 7 விழுக்காடு. மருந்தைக் குறைத்தாலோ மாற்றினாலோ பலருக்கும் இது தணிகிறது. ஒழுக்கம் கெட்டவர் என்று ஊர் சொல்லுமுன் மாத்திரைச் சீட்டைப் பார்ப்பது நல்லது.

● சபரிமலைக்கு மாலை போட்டவர் 41 நாள் குடிப்பதில்லை, புகைப்பதில்லை, செருப்புப் போடுவதில்லை. நேற்றுவரை எந்த அறிவுரைக்கும் மசியாதவர் அவர். மாலையும் கறுப்பு வேட்டியும் ஊருக்கே சொல்லிவிடுகின்றன. டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், பெற்ற தாய் எல்லோரும் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். கூடக் குடிக்கிறவனும் அன்றைக்கு "சாமி, நீங்க போங்க" என்று அனுப்பிவிடுகிறான். பாதிப் பாரத்தை ஊர் சுமக்கிறது. மாலையைக் கழற்றிய மறுவாரமே பழைய இடத்துக்குப் போகிறவர்களும் உண்டு. ஊர் தோளை எடுத்துவிட்டதல்லவா!

● கையில் காசு இல்லாதவர், தன்னைத் தானே கட்டிப்போடக் காசை விட்டுக்கொடுப்பாரா? விட்டுக்கொடுத்தார்கள், அதுவும் சென்னையில். பொருளியலாளர் ஃப்ராங்க் ஷில்பாக் 229 சைக்கிள் ரிக்‌ஷாத் தொழிலாளர்களை மூன்று வாரம் தினமும் ஓர் அலுவலகத்துக்கு வரவழைத்து, ஊதிக்காட்டும் கருவியில் ஊதச் செய்தார். ஒரு சாராருக்குக் குடிக்காமல் வந்தால்தான் கூடுதல் பணம். மறுசாராருக்கு எப்படி வந்தாலும் பணம். பின்னர், எது வேண்டும் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். நிபந்தனையில்லாத பணத்தை விட்டு, குடிக்காமல் வந்தால் மட்டும் கிடைக்கும் பணத்தைக் கேட்டவர்கள் பாதிக்கு மேல். நிபந்தனையில்லாத தொகை கூடுதலாக இருந்தபோதும் அதை வேண்டாம் என்றவர்கள் உண்டு.

2019இல் வெளியான முடிவில் இன்னொரு விசித்திரம். பகல் குடி குறைந்தது. மொத்தக் குடியும் அதற்கான செலவும் அப்படியே இருந்தன. ராத்திரிக்குத் தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான். ஆனாலும் சேமிப்பு ஏறக்குறைய பாதியளவு கூடியது. சம்பாத்தியமும் ஏறவில்லை, குடிச் செலவும் இறங்கவில்லை. தெளிந்த தலையோடு இருந்த பகலில் கையிலிருந்ததைச் சேமிப்பில் போட்டிருக்கிறார்கள்.